மாவு இடித்த மூன்றாம் நாள்

பெரம்பலூர்
வெள்ளிக்கிழமை

என்னங்க,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்களும் நலமாக இருக்க வேண்டும். போனில் கால் மணி நேரம் பேசினாலே எனக்கு நாக்கு குழறிவிடுகிறது. அதற்குள் நீங்கள் கத்த ஆரம்பித்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் புதன்கிழமை குவைத்துக்குக் கிளம்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புவேன். அதுவரை தினம் நாலு வரி.

மக்காச்சோளம் ஒடித்தாயிற்று. பசு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. அத்தைக்கு முட்டிவலி குறையவில்லை, என்மேல் கோபமும் குறையவில்லை.

சனி

போன மாசம் சிறுவாச்சூர் கோயிலில் நான் மாவிளக்குக்கு மாவு இடித்ததை உங்கள் தங்கை கலையரசி வீடியோ எடுத்து அனுப்பினாள். அதைப் பார்த்துவிட்டுத்தானே, கோயில்ல உலக்கை தூக்கத் தெம்பு இருக்கு, வூடு கூட்ட இல்லையா என்று கேட்டீர்கள்? நல்ல ஆள் நீங்கள். இடித்தது நான்தான், சிரித்ததும் நான்தான். உன் கையால இடிச்சா ஆத்தா சரி பண்ணிருவா என்று அத்தை சொன்னார், நானும் நம்பினேன். இரண்டு படி அரிசி. அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அது திங்கட்கிழமை. புதன்கிழமை காலையில் எழுந்திருக்க முடியவில்லை. பதினோரு நாள் படுக்கை. தலைவாரக் கை தூக்க முடியவில்லை. அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை. கலையரசிதான் கஞ்சி ஊற்றினாள், பாவம்.

ஞாயிறு

இன்று முடியவில்லை.

திங்கள்

திருச்சி டாக்டர் முதலில் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார் இல்லையா, அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். மூன்று வருஷம் படுத்துக் கிடந்தால் யாருக்குத்தான் மனசு சோராது? மாத்திரையில் அழுகை நின்றது, அசதி நிற்கவில்லை. இப்போது அவரே இது நாள்பட்ட சோர்வு நோய் என்கிறார். சென்னையில் ஒரு மூளை ஆராய்ச்சிக்கு என் பேரைக் கொடுத்திருக்கிறார். இந்த நோய் உள்ளவர்கள், மனச்சோர்வு உள்ளவர்கள், இரண்டும் இல்லாதவர்கள் என்று எல்லோரையும் ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். குணமாகும் என்று சொல்லவில்லை, மருந்தும் தர மாட்டார்களாம்.

அங்கே வேலை பார்க்கும் சுவாதி என்ற பெண் போன் பண்ணி, ஒரு வேலை செஞ்சா அடுத்த ரெண்டு நாள் எப்படிங்க இருக்கு என்று கேட்டாள். ஐயோ, மூன்று வருஷத்தில் ஒருத்தரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. மாத்திரையையும் மீறி அழுதுவிட்டேன்.

செவ்வாய்

அத்தை விட மாட்டேன் என்கிறார். மூளையைப் படம் எடுத்தால் பைத்தியம் என்று ஊர் பேசுமாம், கலையரசிக்கு மாப்பிள்ளை அமையாதாம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் விடுவார். சொல்லுங்கள்.

என்னை அம்மா வீட்டுக்கே அனுப்பிவிடலாம் என்று அத்தையிடம் பேசினீர்களாமே. எனக்குத் தெரியும். லீவில் வந்து பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள். ஆனால் ஒன்று. நீங்கள் வருகிற அன்றைக்கு நான் எழுந்து, தலைக்குக் குளித்து, பூ வைத்து, கோழிக்குழம்பு வைப்பேன். யார் சொன்னாலும் கேட்க மாட்டேன். அன்றைக்கு என்னைப் பார்த்து எதுவும் முடிவு பண்ணிவிடாதீர்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் தலையில் துண்டில்லாமல் நிற்காதீர்கள். வந்தால், மூன்றாம் நாள் வரைக்கும் எங்கேயும் போகாமல் என் பக்கத்திலேயே இருங்கள்.

உங்கள்
வெற்றிச்செல்வி