பாப்லர் மரத்துக்கு இடப்பக்கம்

ஹோகவேன்,
ஆகஸ்ட் 21

என் அன்பு மகள் யாந்தினாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் அன்சி ஏரியிலிருந்து பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். நீயும் மாப்பிள்ளையும் அந்த நியூசிலாந்துக் குளிரில் எப்படி இருக்கிறீர்களோ, கம்பளிக் காலுறை போடாமல் திரியாதே. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார். இது அவரை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய சங்கதி இல்லை.

போகும்போது எல்லாம் வழக்கம்போலத்தான். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போன கேரவனில் வீட்டு உருளைக்கிழங்கு ஒரு மூட்டை, காப்பித்தூள், வேர்க்கடலை வெண்ணெய். பிரான்சில் உருளைக்கிழங்கே விளையாதா என்று நீ சிறுமியாக இருந்தபோதே கேலி செய்வாய், நினைவிருக்கிறதா? அதே ஏரிக்கரை முகாம், கேரவனை நிறுத்த அதே ஒன்பதாம் எண் இடம். நீ ஒற்றைச் செருப்பை ஏரியில் விட்டுவிட்டு மூன்று நாள் அழுதாயே, அந்தப் படித்துறையும் அப்படியே இருக்கிறது. அங்கே நின்றதும் ஆரஞ்சு நிறக் காற்றுப்பையைக் கைகளில் மாட்டிக்கொண்டு நீ தண்ணீருக்குள் ஓடியது கண்ணுக்குள் வந்துவிட்டது. ஆனால் போன குளிர்காலத்தில் நம் இடத்தின் மூலையில் நின்ற நெட்டைப் பாப்லர் மரத்தை வெட்டிவிட்டார்கள். உன் ஈரத் துணியெல்லாம் காய்ந்த மரம். உள்ளே நுழைந்ததுமே அடிக்கட்டையைப் பார்த்தேன், மனசு என்னவோ செய்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வருத்தமாக இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

கேரவனைப் பின்னால் எடுக்கிற நேரம் வந்தால் முகாமே நாற்காலியைத் திருப்பிப் போட்டு வேடிக்கை பார்க்குமே, அன்றும் அப்படித்தான். நான் வழக்கம்போலப் பின்னால் நின்று கை காட்டினேன். அப்பா என் கையைப் பார்த்ததாகவே தெரியவில்லை. நேராக வந்து தண்ணீர்க் குழாயில் மோதினார். குழாய் முறிந்து தண்ணீர் கூரை உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. இறங்கி வந்தவர் கோபமாக, "பாப்லர் மரத்துக்கு இடப்பக்கமாத்தானே வந்தேன்!" என்றார். "எந்த மரம்? அதைத்தான் வெட்டிட்டாங்களே!" என்றேன். அவர் கை நீட்டிக் காட்டியது பக்கத்து இடத்துப் பெல்ஜியக்காரர் மடக்கி வைத்திருந்த பச்சைக் குடை. அந்தப் பெல்ஜியக்காரர் விழுந்து விழுந்து சிரித்து, "ஹார்மன், என் குடைக்கு எப்போ வேர் விட்டுச்சு?" என்றார். அப்பாவும் கூடவே சிரித்தார். ஆனால் அப்புறம் காப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றியதை நான் பார்த்துவிட்டேன்.

மறுநாள் படித்துறையில் வைத்துக் கேட்டேன். ஈஸ்டரிலிருந்தே இரண்டு கண்ணிலும் நடுவில் புகை மாதிரி மறைக்கிறதாம். வண்டி ஓட்டக்கூடாது என்று கண் மருத்துவர் அப்போதே சொல்லிவிட்டாராம். "இந்த ஏரிய இன்னும் ஒரே ஒரு தடவ பாத்துட்டு நிறுத்திடலாம்னு இருந்தேன், கிரியெத். நான் ஓட்டலன்னா நாம இங்க வரவே முடியாதே" என்றார். முப்பத்தெட்டு வருடம் பால் லாரி ஓட்டிய மனிதர். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆயிரம் கிலோமீட்டர் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டி வந்திருக்கிறார், எதிரில் எத்தனை பேர் பிள்ளை குட்டியோடு வந்திருப்பார்கள்! இரண்டு நாள் அவரோடு பேசவே இல்லை, உருளைக்கிழங்கு மட்டும் உரித்தேன். மூன்றாம் நாள் காலை அவரே கார்ச் சாவியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

கார் ஓட்டுவேனே தவிர, கேரவனை நான் எப்போது தொட்டேன்? முகாமுக்குப் பின்னாலுள்ள புல்வெளியில் ஐந்து நாள் கற்றுக்கொடுத்தார். பின்னால் எடுக்கும்போது கேரவன் இடப்பக்கம் போக வண்டியை வலப்பக்கம் திருப்ப வேண்டுமாம், என்ன கண்றாவியோ. "திருப்பு! ஐயோ, அந்தப் பக்கமில்ல! நாப்பத்தொரு வருஷமா பின்னாடி நின்னு எனக்குக் கை காட்டினியே, என்னத்தப் பாத்த?" என்று கத்துவார். "நீங்க மட்டும் என் கையப் பாத்தீங்களாக்கும்!" என்று நானும் கத்தினேன். வேடிக்கை பார்க்க வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த முகாம்காரர்கள் அத்தனை பேரும் கைதட்டினார்கள். திரும்பி வரும் வழி முழுக்க நான்தான் ஓட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அடுத்து எந்தத் திருப்பம், எங்கே மேடு என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

போனில் பேசும்போது எடுத்த எடுப்பில் கண்ணைப் பற்றிக் கேட்காதே. ஏரியைப் பற்றிக் கேள், தானே சொல்லுவார். அவர் அம்மாவுக்கும், அதுதான் உன் பாட்டிக்கும், இதே கோளாறு இருந்ததாம், இப்போதுதான் சொல்கிறார். நீயும் இந்த மாதமே போய்க் கண்ணைக் காட்டு, வேலை வேலை என்று தள்ளிப் போடாதே.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. கிளம்புமுன் அடுத்த ஆண்டுக்கு இடம் பிடிக்க ஓர் அட்டையில் எழுதிக்கொடுப்போமே, இந்த முறை அது ஒரு வாரமாக மேசையிலேயே கிடந்தது. நான் தொடவில்லை. கிளம்பும் நாள் காலையில் அப்பாவே பேனாவை எடுத்து, மூக்கு தாளில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து எழுதினார். வண்டி ஓட்டுபவர் என்ற இடத்தில் என் பெயர். எழுத்தெல்லாம் கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நூறாண்டு நன்றாயிருங்கள். அடுத்த கோடையில் நீயும் வா. படித்துறையில் காத்திருப்போம்.

இப்படிக்கு,
கேரவன் ஓட்டும் உன் அம்மா,
கிரியெத்