ஒரு தப்புகூட இல்லாத கச்சேரி

அன்புள்ளவளுக்கு,

ஆண்டு விழா முடிந்தது. சீ என்றிருக்கிறது.

என் கிடார் வகுப்புப் பிள்ளைகள் கம்பியை அழுத்தவே இன்னும் திணறுகிறார்கள். தலைமையாசிரியை என்ன சொன்னார் தெரியுமா? "தப்பா வாசிச்சா மானம் போயிடும் சார். நீங்க வாசிச்சுப் பதிவு பண்ணுங்க, அதைப் போட்டுக்கலாம். பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாம்."

வாசித்துக் கொடுத்தேன். வேலையை விடக் கூடாதென்று நீதான் தலைபாடாய் அடித்துக்கொள்கிறாயே.

ஸ்பீக்கர் அலறியதில் அவர்கள் வாசித்தது அவர்களுக்கே கேட்கவில்லை. பெற்றோர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மேடையிலிருந்து நம் பெண் ஓடி வந்தாள், விரல் நுனியெல்லாம் கொப்புளம். "அப்பா, நான் ஒரு தப்புகூடப் பண்ணலப்பா!"

ஞாயிற்றுக்கிழமை உனக்கு வீடியோ அனுப்புவாள். பிரமாதம் என்று நீயே சொல்லிவிடு. எனக்கு வாய் வரவில்லை.

உன்னவன்