டோஹ்டேருக்கு முன்னால் ஒரு நட்சத்திரம்

அன்பு அக்கா,

கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழி.

இந்த வாரம் அகராதி அலுவலகத்தில் 'மகள்' என் மேசைக்கு வந்தாள். ஆங்கிலத்தில் டாட்டர், ஜெர்மனில் டோஹ்டர், ஸ்வீடிஷில் டொட்டர். இவர்களுக்கெல்லாம் தாய், மூல ஜெர்மானிய மொழியின் 'டோஹ்டேர்'. அதை யாரும் எழுதிவைக்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்து நாங்களாகக் கட்டிய சொல். அதனால் முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவது வழக்கம். நான் மறந்துவிட்டேன்.

"நட்சத்திரம் எங்கம்மா? இந்தச் சொல்ல நீங்க நேர்ல பாத்தீங்களா?" என்றார் ஆசிரியர். நடுவில் வரும் 'ஹ்' என்ற தொண்டைச் சத்தத்தையும் விட்டிருந்தேன். "டாட்டர மட்டும் கேட்டா அப்படித்தான். அவ அதத் தொலைச்சுட்டா. ஜெர்மன்காரிகிட்ட பத்திரமா இருக்கு. ஒரே பிள்ளைய வச்சு அம்மாவக் கட்ட முடியாது."

நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நம்மிடம் அம்மாவின் புகைப்படம்கூட இல்லை. அவள் விரல்கள் எனக்கு, சிரிப்பு உனக்கு என்று சித்தி சொல்வாள். வீட்டைப் பிரித்துக்கொண்டு நீ போனபோது அந்தச் சிரிப்பும் போய்விட்டது. சித்தி மகன் கல்யாணத்தில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோமே, அன்று எனக்குப் பின்னால் நீ யாரிடமோ சிரித்தாய். நான் திரும்பவில்லை. ஆனால் சாப்பிடவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. சண்டை போடவாவது வா. பாதிச் சண்டையில் உனக்குச் சிரிப்பு வந்துவிடும், எனக்குத் தெரியும்.

அம்மா சிரிப்பதை ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.

நீ வைத்த பெயரிலேயே,
கழுதை