அன்பளிப்பு: ச. கவிதா

வியாழன் இரவு.

இப்படி மாட்டுவேன் என்று நினைக்கவே இல்லை. என் மடக்குக் கத்தியின் பித்தளைப் பிடியில் பேர் வெட்டித் தரச் சொல்லி ராஜகோபுரம் பக்கத்துப் பாத்திரக் கடையில் கொடுத்தேன். கல்யாணப் பாத்திரம் வெட்டுகிற பழக்கத்தில் கடைக்காரர் ‘அன்பளிப்பு: ச. கவிதா’ என்று வெட்டிவிட்டார்.

இன்று மாங்காய் நறுக்க அதைப் பக்கத்து பெஞ்சு யமுனாவிடம் கொடுத்தேன். மிஸ் அவள் பையில் பார்த்துவிட்டார்.

“கத்திய யாருடி குடுத்தா?”

யமுனா என் பக்கம் திரும்பவே இல்லை. மிஸ் கத்தியைத் திருப்பி, சத்தமாகப் படித்தார்.

“எனக்கும் ஒண்ணு குடுடி” என்றாள் பின்னால் ஒருத்தி. வகுப்பே சிரித்தது.

“நாளைக்கு உங்கப்பா வந்து டிசி வாங்கிட்டுப் போகட்டும்.”

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. தூங்குகிறார். கத்தியில் என் பேருக்கு முன்னால் இருக்கிற ‘ச’ அவருடையது.