எதையும் துறக்காத நண்டு

மார்ச் 4

வேலை முடிந்து வந்தால் என் தொட்டிக்குள் புது ஆள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கிளாத்தி மீன். அண்ணன் வாங்கி வந்து விட்டிருக்கிறான். என் அறைக்குள் வர அவனுக்குக் கதவைத் தட்டுகிற பழக்கம்கூடக் கிடையாது, மீனுக்கா கேட்கப்போகிறான்? பவளமும், காலிச் சங்குக்குள் குடியிருக்கிற இரண்டு துறவி நண்டும் இருக்கிற தொட்டி அது. புருஷன் வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த ஒரே சாமான்.

"அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது" என்கிறான். மீனின் வாயைப் பார்த்தேன். உளி மாதிரி முன்பற்கள். நாள் முழுக்கப் பல்செட் செய்கிறவளிடமா இந்தக் கதை?

மார்ச் 5

மீன் கடைக்காரரைக் கேட்டேன். "நண்டோட கிளாத்தியா? சங்கை உடைச்சே தின்னும்மா. பசி இல்லாட்டியும் கடிச்சுப் பாக்கும்" என்றார். திருப்பி எடுத்துக்கொள்வாராம். அண்ணனிடம் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 8

குட்டி நண்டு போய்விட்டது. உடைந்த சங்கு மட்டும் கிடக்கிறது.

மார்ச் 9

இன்று விஷயம் வெளியே வந்தது. இந்த முன்னறை அவனுக்கு ஆபீஸாக வேண்டுமாம். நான் வாஷிங் மெஷின் பக்கத்து அறைக்குப் போகணுமாம். "எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவதானே நீ. அந்த ரூம் போதாதா?" என்றான். பிறகு, ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின பழமொழி வேறு.

யார் ஒண்ட வந்தது? நான் பிறந்த வீடு இது. அப்பா எங்கள் இரண்டு பேருக்கும்தான் விட்டுப்போனார்.

"நான் விட்டுட்டு வந்தது அவரை. என் பங்கை இல்ல" என்றேன்.

துறவி நண்டு — எந்தப் புண்ணியவான் வைத்த பேரோ! வீட்டை முதுகில் சுமக்காமல் ஓரடி வைக்காது. நல்ல சங்கைக் கண்டால் குடி மாறும், இன்னொன்று வந்தால் மல்லுக்கு நிற்கும். இதுவா துறவி?

மார்ச் 12

காலையில் பெரிய நண்டு சங்குக்கு வெளியே கிடந்தது. கால், கண், கொடுக்கு எல்லாம் அப்படியே. அசையவில்லை. "முடிஞ்சது உன் துறவி" என்றான் அண்ணன். இனி அறையும்தான் என்று அவன் சொல்லவில்லை, எனக்குக் கேட்டது. போடா.

வேலையில் இடப்பக்கத்துக் கடைவாய்ப்பல்லை வலப்பக்கம் வைத்துத் திட்டு வாங்கினேன். அழுகை வேறு.

மாலையில் பூந்தொட்டியில் புதைக்கலாம் என்று அதைக் கையில் எடுத்தேன். கனமே இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன் — உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கூடு. சட்டை! பாம்பு மாதிரி இதுவும் சட்டை உரிக்குமே, எப்படி மறந்தேன்? அப்படியானால் பெரியவன் தொட்டிக்குள்ளேதான் இருக்கிறான், உடம்பெல்லாம் பஞ்சாக. கிளாத்தி பார்த்தால் ஒரே கடி.

டார்ச் அடித்துத் தேடினேன். பாறை இடுக்கில், நான் எப்போதோ போட்டுவைத்த குறுகிய வாய்ச் சங்குக்குள் ஒரு மீசை ஆடியது.

வலையை எடுத்தேன். பவளத்தில் கை கிழிந்தது, கிடக்கட்டும். கிளாத்தியை வாளியில் விட்டு, காற்றுக் குழாயும் போட்டு, அண்ணன் அறைக்குத் தூக்கிப் போனேன்.

"உன் மீன், உன் ரூம்ல வச்சுக்கோ. நண்டும் போகாது, நானும் போகமாட்டேன்."

அவன் வாய் திறக்குமுன் அண்ணி எழுந்து வந்து, வாளிக்கு இடம் பண்ண அவன் ஃபைல்களை ஓரமாக நகர்த்தினாள்.

மார்ச் 13

கிளாத்தி கடைக்குத் திரும்பியது. பாவம், அதன் மேல் எனக்குக் கோபமில்லை. பல் இருக்கிறது, கடிக்கிறது.

மார்ச் 27

பெரியவன் இன்று வெளியே வந்தான். புதுச் சங்கோடு, பாறை உச்சிக்கே ஏறி உட்கார்ந்திருக்கிறான்.

அண்ணன் பார்க்க வந்தான். கதவு திறந்துதான் கிடந்தது. வெளியிலேயே நின்று, இரண்டு விரலால் தட்டினான்.