ஐம்பத்து மூன்றரைக் கிலோ

ஜனவரி 8, வியாழன்

கடையில் இன்று பதினாறு கண்ணாடி. லென்ஸ் தேய்க்கிற மெஷினில் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டு மதியம்வரை கழுத்தறுத்தது. வீட்டுக்கு வந்தால் கூடத்தில் மூன்று பெட்டி, ஒரு தையல் மெஷின். நாத்தனார் வந்தாயிற்று.

அவர் குடியிருக்கும் கட்டடத்தில் தூண்கள் விரிசல் விட்டுவிட்டன. எல்லோரையும் வெளியேற்றிப் பழுது பார்க்கிறார்கள். பத்து மாதமாவது ஆகுமாம். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் நாங்கள் இரண்டு நாள் சேர்ந்தாற்போல ஒரே வீட்டில் இருந்ததில்லை. இருந்த ஒரு நாளிலும் ஏதாவது ஒரு பாத்திரம் சத்தமாக வைக்கப்பட்டிருக்கிறது.

பத்து மாதம்!

ஜனவரி 11, ஞாயிறு

வருஷத்தின் முதல் சண்டைகள். இது ஏழாவது வருஷம். விதிகளை ஒரு தடவை எழுதி வைக்கிறேன், எனக்கே மறந்துவிடுகிறது.

ஐம்பத்து மூன்றரைக் கிலோ எடைப் பிரிவு. நூறு வருஷத்துக்கு முன்னால் நிஜமாகவே குத்துச்சண்டை போட்ட இருபத்து நான்கு பேர். பழைய புத்தகக் கடையில் கிடைத்த தடிமனான ஆண்டுப் புத்தகத்தில் அவரவர் ஜெயித்தது, தோற்றது எல்லாம் இருக்கிறது. அதைப் பார்த்து ஆளுக்கொரு அட்டை போட்டிருக்கிறேன்: அடி இவ்வளவு, தடுப்பு இவ்வளவு, தாங்கும் சக்தி இவ்வளவு. இரண்டு பகடை. ஞாயிறு காலை பத்து மணிக்கு இரண்டு சண்டை. பகடை விழுந்தது விழுந்ததுதான், மறுபடி உருட்டக் கூடாது. டிசம்பர் முடியும்போது பெல்ட் யாரிடம் இருக்கிறதோ அவன் அந்த வருஷத்துச் சாம்பியன்.

பெயர்கள் வாயில் நுழையாததால் நானே பட்டப்பெயர் வைத்துவிட்டேன். ரொட்டிக்காரன் சாம்பியன். கொக்கு, மீசை, சுவர் (யாராலும் அடிக்க முடியாது, யாரையும் அடிக்கவும் மாட்டான்). அப்புறம் தந்திக்காரன். சைக்கிளில் தந்தி கொடுத்துக்கொண்டிருந்தவன், இருபத்திரண்டு வயது. ஓரவஞ்சனை கூடாது என்று எத்தனை சொல்லிக்கொண்டாலும் அவன் அட்டையை மட்டும் கொஞ்சம் மெதுவாகத்தான் வைக்கிறேன்.

ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்டால் பதில் கிடையாது. பஸ்ஸில் யாராவது உரக்கப் பேசினாலே எழுந்து வேறு இடம் பார்க்கிறவள் நான்.

அண்ணி கை துடைத்தபடி சாப்பாட்டு மேஜை பக்கம் வந்து நின்றார்.

"இவங்கல்லாம் யாரு?"

"குத்துச்சண்டைக்காரங்க அண்ணி."

"எங்க இருக்காங்க?"

"செத்து ரொம்ப நாளாச்சு."

முப்பத்தொரு வருஷம் நர்ஸாக இருந்தவர். நெற்றியில் கை வைத்துப் பார்க்கலாமா என்று யோசிப்பது போல என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மீசையை இன்று மேஜைக்கு எடுத்தேன். அண்ணி தையலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இவன் போன வாரந்தானே மயங்கி விழுந்தான்?"

"ஆமா."

"எத்தனை நிமிஷம் மயக்கம்? வாந்தி எடுத்தானா?"

"அதெல்லாம் பகடையில வராது அண்ணி."

"அப்ப உன் பகடை என்னத்துக்கு ஆகும்? அறுபது நாள் யாரும் அவன் தலையத் தொடக் கூடாது. எடுத்து உள்ள வை."

எடுத்து உள்ளே வைத்தேன். எதற்கு வைத்தேன்? தெரியவில்லை. அந்தக் குரலுக்கு வைத்தேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

அண்ணி தனி நோட்டுப் போட்டுவிட்டார். விழுந்தவன் பெயர், தேதி, எத்தனாவது சுற்று, எதுவரை ஓய்வு. நான் மூன்று மாதத்துக்குப் போட்டு வைத்த அட்டவணை நார்நாராகப் போயிற்று.

மார்ச் 29, ஞாயிறு

தந்திக்காரன் நாலாவது சுற்றில் நாக்-அவுட். அடித்தவன் பத்தொன்பதாம் இடத்தில் இருக்கிற ஒரு சோம்பேறி. டீ கூட இறங்கவில்லை. அண்ணி நோட்டில் எழுதினார்: மே 28 வரை.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அண்ணியின் ஓய்வு விதி வந்த பிறகு ஆட்டம் உயிர் பிடித்திருக்கிறது. முன்னணி ஆட்கள் ஓய்வில் போவதால் கீழே கிடந்தவர்கள் மேலே வருகிறார்கள். ஆறு வருஷமாகப் பதினெட்டாம் இடத்தைத் தாண்டாத சுவர் இப்போது ஏழாவது!

என் வீட்டுக்காரர் காலைப் பஸ் ஓட்டிவிட்டு வந்து செருப்பைக் கழற்றியபடி, "வீட்டுக்குள்ள சத்தம் கேட்டுது. ரெண்டு பேரும் நிஜமாவே ஆரம்பிச்சிட்டீங்களோன்னு ஓடி வந்தேன்" என்றார்.

"போடா, எட்டாவது சுற்று நடக்குது" என்றார் அண்ணி.

மே 31, ஞாயிறு

தந்திக்காரன் திரும்பி வந்தான். ஜெயித்தான்! அண்ணி கைதட்டினார். கைதட்டியதை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் மேஜையில் கொசு அடிப்பது போல ஒரு தட்டுத் தட்டினார்.

ஜூலை 12, ஞாயிறு

மறுபடி ஜெயித்தான். மூன்றாவது இடம். கடையில் பாட்டுப் பாடிக்கொண்டு லென்ஸ் தேய்த்தேனாம், நேற்று முதலாளி சொன்னார். அப்படியானால் இன்று ஜெயிக்கப்போவது நேற்றே எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தந்திக்காரனும் கொக்கும் மோதினார்கள். தந்திக்காரன் மூன்று தடவை விழுந்தான், இரண்டாவது சுற்றில், ஐந்தில், ஒன்பதில். மூன்று தடவையும் எழுந்தான். கடைசியில் புள்ளிக் கணக்கில் ஜெயித்தான். இனி முதல் இடம். அக்டோபரில் ரொட்டிக்காரனோடு பெல்ட்டுக்கு மோதலாம். ஏழு வருஷமாக நான் காத்திருந்தது இதுக்குத்தான். இதுக்கு மட்டும்தான்.

அண்ணி நோட்டைத் திறந்தார். "மார்ச்ல ஒரு மயக்கம். இன்னைக்கு மூணு தடவை விழுந்திருக்கான். இவனுக்கு இனிமே அனுமதி கிடையாது."

"எத்தனை நாளைக்கு?"

"எப்பவுமே."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "நீங்க என்ன கடவுளா? இது காகிதம் அண்ணி! காகிதம்! இதுலயுமா உங்க அதிகாரம்?" என்று கத்திவிட்டேன். அண்ணி நோட்டை மூடி, பேனாவுக்கு மூடி போட்டு, உள்ளே போய்விட்டார். இவர் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என்ன தப்பாச் சொல்லிட்டேன் நான்? என் மேஜை, என் பகடை, என் ஆளு.

ஆகஸ்ட் 19, புதன்

வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்த பெரியவர், "தரை சாயுதேம்மா" என்றார். எனக்கும்தான்.

வீட்டில் பாத்திரச் சத்தம் கூடக் கிடையாது. அதுதான் தாங்க முடியவில்லை.

செப்டம்பர் 6, ஞாயிறு

மூன்று வாரமாகப் பகடை தொடவில்லை. குளித்துவிட்டு வந்தால் அண்ணி என் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஆண்டுப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் என்று தள்ளி நின்றே தெரிந்தது.

அந்தப் பக்கத்தில் தந்திக்காரனின் கணக்கு நாற்பத்தொன்றாவது சண்டையோடு நிற்கிறது. பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: செப்டம்பர் 20, பன்னிரண்டாம் சுற்றில் விழுந்தார், நினைவு திரும்பாமல் அன்றிரவே மருத்துவமனையில் இறந்தார், வயது 22.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா அவனத் திரும்ப ஏத்தப் பாத்த?"

"ஒரு தடவையாவது ஜெயிக்கட்டும்னுதான் அண்ணி..."

"ஜெயிச்சு?"

ஆண்டுப் புத்தகத்தை எடுத்து மூடினேன்.

அப்புறம் அவரே பேசினார். தலையில் அடிபட்டவர்கள் வார்டில் பதினான்கு வருஷம் இருந்தாராம். எனக்கு இது இன்றுதான் தெரியும். சாரத்திலிருந்து விழுந்த ஒரு கொத்தனார், இரண்டு நாளில் தெளிந்து, சிரித்துப் பேசி, எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாராம். அடுத்த வாரமே வேலைக்கு ஏறிவிட்டார். மறுபடி லேசாகத்தான் இடித்துக்கொண்டார். "ஸ்ட்ரெச்சர்ல வந்தாரு. அன்னைக்கு 'நல்லாத்தானே இருக்காரு, போகட்டும்'னு நானும்தான் சொன்னேன். டாக்டர் கையெழுத்துப் போட்டாரு. ஆனா நானும் சொன்னேன்."

பூதக்கண்ணாடியைத் துடைத்து என்னிடம் கொடுத்தார். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 13, ஞாயிறு

தந்திக்காரன் ஓய்வு பெற்றான். இருபத்திரண்டு வயதில், முதல் இடத்தில் இருக்கும்போதே. அட்டையில் நானே எழுதினேன். எழுதும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஒரு பெரிய மூச்சுதான் வந்தது.

அடுத்தது வேலை. சண்டை நேரம் பார்த்து மணி அடிக்கட்டும் என்றேன். அண்ணி விடவில்லை. "அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்கக் கூடாது." டிராம் ஓட்டட்டும் என்றார் இவர். கடைசியில் தபால் ஆபீஸில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்டாம்ப் விற்கும் வேலை கொடுத்தோம்.

"கல்யாணம்?" என்று கேட்டேன்.

"அதையாவது அவனே பாத்துக்கட்டும். எல்லாத்துலயும் நீ மூக்கை நுழைக்காத" என்றார் அண்ணி.

செப்டம்பர் 21, திங்கள்

காலையில் கண் விழித்ததும் தோன்றியது: செப்டம்பர் 20 தாண்டிவிட்டது, அவனும் இன்று எழுந்திருப்பான்.

அக்டோபர் 18, ஞாயிறு

பெல்ட்டுக்கான சண்டை. தந்திக்காரன் இடத்துக்கு யார் வந்தது? சுவர்! பதினைந்து சுற்று. இரண்டு பேரும் சேர்ந்து மொத்தம் பதினொரு அடிதான் அடித்திருப்பார்கள். பத்தாவது சுற்றில் இவர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். ஒரே ஒரு புள்ளியில் சுவர் ஜெயித்தான். புதுச் சாம்பியன்! பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கும். அண்ணியும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"யாருக்கும் ஒரு காயம் இல்ல. இப்படித்தான் இருக்கணும் சண்டை" என்றார் அண்ணி.

நவம்பர் 22, ஞாயிறு

கட்டடம் தயார். அண்ணி போய்விட்டார். பெட்டிகளை இவரும் நானும் ஏற்றி இறக்கினோம். திரும்பி வந்து கூடத்தைப் பெருக்கினால் தையல் மெஷின் நின்ற இடத்தில் நூல் துண்டுகள். இரண்டு சிவப்பு, ஒரு நீலம். அள்ளிப் போட்டுவிட்டேன். வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஆனால் வீடு பெரிதாகிவிட்டது.

டிசம்பர் 6, ஞாயிறு

தனியாக ஆடினேன். பகடை நன்றாகத்தான் விழுந்தது. எட்டாவது சுற்றில் யாரிடமாவது எதையாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

டிசம்பர் 27, ஞாயிறு

அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனேன். அவரே கூப்பிட்டார். புதுச் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. மேஜை மேல் ஒரு நோட்டு, கோடு போட்டு, தலைப்பு எழுதி. ஐம்பத்தோரு கிலோ எடைப் பிரிவு! எனக்குச் சொல்லாமல் தானே ஒரு பிரிவு தொடங்கி, நூலகத்தில் உட்கார்ந்து பதினெட்டுப் பேரைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

சண்டை அங்கேதான் ஆரம்பித்தது. மீசையை எடை குறைத்துத் தன் பக்கம் அனுப்ப வேண்டும் என்கிறார். மீசை என் ஆள், இரண்டரைக் கிலோ குறைத்தால் நிற்கவே தெம்பிருக்காது என்றேன். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், நான் நர்ஸா நீ நர்ஸா என்றார். நர்ஸாக இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா என்றேன். டீ ஆறிப்போயிற்று. இன்னொரு தடவை போட்டோம், அதுவும் ஆறிப்போயிற்று. அடுத்த வீட்டு அம்மாள் கதவைத் தட்டி, "ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆறு மணிக்கு மீசையின் அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

திரும்பும்போது வந்தது இவர் ஓட்டுகிற பஸ். அவர் சீட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்தேன். சிக்னலில் நின்றதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"என்ன, யாரு ஜெயிச்சா?"

"உங்க அக்காதான்."

"தோத்தவ மூஞ்சி மாதிரியே இல்லையே" என்றார். பச்சை விழுந்தது.