இடக்கைப் பரம்பரை

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
12.09.2025

அன்பின் சரோ,

நான் நலம். நீரும் புவாத்தும் நலம் என்று நம்புகிறேன். அவருடைய முழங்காலை நான் விசாரித்ததாகச் சொல்லும். கிழமைக்கு நாலு தரம் வட்ஸ்அப்பில் கதைக்கிற எங்களுக்குள் கடிதம் எதற்கு என்று கேட்பீர். இந்த உறைக்குள் ஒரு பொருள் இருக்கிறது. அதை வட்ஸ்அப்பில் அனுப்ப வழியில்லை. மடிப்புக்குள் இருந்து கறுப்பாக ஏதும் விழுந்தால் பூச்சி என்று எறிந்துவிட வேண்டாம்.

போன மாதம், "விட்டுவிடும் புளோறன்ஸ், என்னாலை நீர் ஏன் அவையோடை பகைக்கிறீர்" என்றீர். யோசித்துப் பார்த்தேன். விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

எல்லாம் உம்முடைய அண்ணன் மகன் தனஞ்சயன் பாரிசுக்குப் போய் வந்ததில் தொடங்கியது. அங்கே பதினான்காம் லூயி மன்னன் தன் வாழ்க்கையைக் கம்பளி நூலிலும் சரிகையிலும் நெய்வித்த திரைகளைப் பார்த்திருக்கிறார். சுவர் உயரச் சித்திரங்கள். முடிசூட்டல், திருமணம், பிடித்த கோட்டைகள், பணிந்த தூதுவர்கள். ஒரு திரையில், அந்தத் திரைகளை நெய்கிற தொழிற்சாலைக்கே மன்னர் வந்து பார்வையிடுகிறார். தன் படத்தை நெய்கிறவர்களைத் தானே மேற்பார்வை செய்வதையும் நெய்வித்துக்கொண்ட மனிதர். புரட்சிக்குப் பிறகு வந்த அரசாங்கம் பழைய அரண்மனைத் திரைகள் பலவற்றை எரித்து, சரிகையில் இருந்த தங்கத்தை எடுத்துக்கொண்டது. இந்தப் பகுதியைத் தனஞ்சயனுக்கு வழிகாட்டி சொல்லவில்லைப் போலும்.

உம்முடைய அண்ணன் சண்முகலிங்கத்துக்கு வரும் மாதம் எண்பது வயது. வெள்ளவத்தையில் சேலைக்கடை வைத்துத் தொடங்கிய வம்சம் அந்தப் பிறந்தநாளில் கொட்டாஞ்சேனையில் கல்யாண மண்டபம் திறக்கிறது. மண்டபச் சுவருக்கு ஏழு திரைகள். யாழ்தேவி ரயிலில் வந்து கொழும்புக் கோட்டையில் இறங்கும் முதலாளி, கடைக்கு விளக்கேற்றும் முதலாளி, அன்னதானம் போடும் முதலாளி, அமைச்சரோடு கைகுலுக்கும் முதலாளி என்று. விளக்கப் புத்தகம் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். முப்பது வருடம் சரித்திரம் படிப்பித்தவள், ஓய்வில் இருக்கிறவள், ஒருவரோடும் சண்டைக்குப் போகாதவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முதல் இரண்டும் சரி.

வரிசையில் நடுவில், நாலாவது திரை, எரிந்த கடையை மறுபடி திறப்பது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் நடந்ததை நான் உமக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இதை எங்காவது ஒரு கடதாசியில் யாராவது எழுதியிருக்க வேண்டும். உம்முடைய அண்ணன் அப்போது சேலை எடுக்க மெட்ராசுக்குப் போயிருந்தார். கடை எரிந்தது. கரி பிடித்த ஷட்டரைத் திறந்தவர் நீர். சேலைக்கு மேலே அண்ணனின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, புகை மணக்கும் சேலைகளை உதறி உதறி விற்றவர் நீர். அவர் திரும்பி வந்தபோது கடை நடந்துகொண்டிருந்தது. அடுத்த வருடம் நீர் மதம் பார்க்காமல் புவாத்தைக் கலியாணம் முடித்து வெளிநாடு போனீர். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் நீர் பிறக்கவே இல்லை.

நான் கொடுத்த குறிப்பில் உம்மை எழுதியிருந்தேன். தனஞ்சயன் படித்துவிட்டு, "ரீச்சர், இது சரித்திரம். நாங்கள் கேட்டது வாழ்த்து" என்றார். நேர்மையான மனிதர், வித்தியாசம் தெரிந்திருக்கிறது. ஓவியர் வந்தார். உமக்குப் பதிலாக, அதே வெள்ளைச் சட்டையில், வேட்டியும் மீசையுமாக உம்முடைய அண்ணனை நிற்க வைத்து, வலது கையில் ஷட்டர்ப் பூட்டின் திறப்பைக் கொடுத்துப் போனார்.

நெய்தது ஒருகொடவத்தையில், கொள்கலன்களுக்கு நடுவே ஒரு களஞ்சியத்தில். வத்தளைப் பிள்ளை நிருஷாவும் இன்னும் சில பெண்களும் படுக்கைத் தறியில் நெய்தார்கள். அந்தத் தறியில் ஓவியம் பாவு நூலுக்குக் கீழே கிடக்கும். அதைப் பார்த்து நெய்கிறவர் திரையின் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறார். முன்பக்கத்தில் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறிவிடும். பிரான்சில் இதற்காகவே ஓவியத்தை இடம் வலம் மாற்றி வரைவார்கள். நிருஷாவும் ஓவியரிடம் கேட்டிருக்கிறாள். "குடுத்தபடி நெய்யுங்கோ" என்றாராம். என்னை வசனத்துக்குத்தான் கூப்பிட்டார்கள். தறிப் பக்கம் யாரும் கூப்பிடவில்லை.

இடையில் ஒன்றையாவது பிரித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கண்ணூறு பட்டுவிடும், நல்ல நாளில்தான் முகம் பார்க்க வேண்டும் என்று தனஞ்சயனின் அம்மா, உம்முடைய மச்சாள், போட்ட கட்டளை. தனஞ்சயன் ஒவ்வொரு கிழமையும் வந்து தறியில் தெரிந்த பின்பக்கத்தைப் படம் எடுத்து, திருப்தியோடு போனார். முடிந்த திரைகளைச் சுருட்டி, மஞ்சள் துணி சுற்றி, எலுமிச்சம்பழமும் கட்டி வைத்தார்கள்.

நல்ல நாள் வந்தது. ஏழு திரைகளும் களஞ்சியத்திலேயே வரிசையாக விரிந்தன. முதலாளி இடது கையால் விளக்கேற்றுகிறார். இடது கையால் ஏழைகளுக்குச் சோறு போடுகிறார். அமைச்சரும் அவரும் இடது கைகளைக் குலுக்குகிறார்கள். சட்டைப் பொத்தான்கூடப் பெண்கள் பக்கம். திருநீற்றோடு வந்திருந்த ஜிந்துப்பிட்டி ஐயர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "இதைக் கல்யாண மண்டபத்திலை தொங்கவிடேலாது" என்றார். உம்முடைய மச்சாள் கதிரையில் இருந்துவிட்டார்.

உம்முடைய அண்ணன் மட்டும் நாலாவது திரைக்கு முன்னால் போய் நின்றார். கழுத்தை நீட்டி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு, "சரோ எப்பவும் இடக்கையாலைதான் கடை திறப்பாள். சில்லறையும் இடக்கையாலை குடுப்பாள். எத்தினை தரம் ஏசினனான்" என்றார்.

தனஞ்சயன், "அப்பா, அது நீங்கள்" என்றார்.

"நானோ? நான் அண்டைக்கு மெட்ராசிலை எல்லோ" என்றார் கிழவர். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்தார், காரைக் கொண்டுவரச் சொன்னார்.

ஏழு திரைகளிலும் கைகளைப் பிரித்து நெய்ய ஒரு வருடம் வேண்டும். பிறந்தநாளோ அடுத்த மாதம். மூன்றாம் நாள் தனஞ்சயன் என் வீட்டுக்கு வந்தார், கேக்கோடு. இடக்கைப் பழக்கம் பரம்பரையாக வருவது என்றால் தோஷமில்லை என்று ஐயர் இறங்கி வந்திருக்கிறாராம். "புத்தகத்திலை அப்பிடி ஒரு வசனம் போடுங்கோ ரீச்சர். எங்கடை குடும்பம் இடக்கைக் குடும்பம் எண்டு."

நல்லது, பரம்பரை என்றால் ஓர் ஆள் வேண்டுமே, உங்கள் குடும்பத்தில் இடக்கைக்காரர் யார் என்று கேட்டேன். கேக் பெட்டியை என் பக்கம் தள்ளி வைத்தார். அந்த வம்சத்திலேயே இடக்கை ஒருவருக்குத்தான், சரோ. ராச்சியத்தைக் காப்பாற்ற நாடு கடத்தியவரைத் திருப்பிக் கூப்பிட வேண்டிய நிலை. இதைப் புத்தகங்களில் எத்தனையோ தரம் படித்திருக்கிறேன், கேக்கோடு வந்து கேட்டதைப் பார்த்தது இதுதான் முதல் தரம்.

"குடும்பத்து மூத்த பெண்மணி ஒருவர் எண்டு போடலாமே" என்று பேரம் பேசினார். பெயர் போட வேண்டும், நாலாவது திரையில் நிற்பது அவர்தான் என்றும் போட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பிடியுங்கள் என்றேன். "ரீச்சர், அந்த ஆளுக்கு மீசை இருக்கு" என்றார். அது ஒரு பிரச்சினையா என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். கேக்கை விட்டுவிட்டுப் போனார். நல்ல கேக்.

அவர் யோசிக்கட்டும் என்று நான் மறுநாளே பஸ் ஏறி ஒருகொடவத்தைக்குப் போனேன். நிருஷாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "மீசை எடுக்கிறது லேசு மிஸ், ஆம்பிளையளுக்குத்தான் அது பெருமை, எங்களுக்கு அரை விரல் நூல்" என்றாள். தனஞ்சயன் சேர் ஏசினால் என்ன செய்வது என்று மற்றப் பெண் கேட்டதற்கு, "மிஸ்ஸை ஏசட்டும், அவதானே படிச்சவ" என்றாள். பின்னேரத்துக்குள் மீசை போய்விட்டது. அந்த இடத்தில் கன்னத்து நிறக் கம்பளி. தலைக்குப் பின்னால் ஒரு கொண்டை. வேட்டிக் கரையைக் கொஞ்சம் அகலமாக்கினதும் அது சேலை. சட்டையில் கைவைக்கவே வேண்டியிருக்கவில்லை, பொத்தான்கள்கூட ஏற்கனவே பெண்கள் பக்கம். சரோ, அது நீர்தான். அப்படியே நீர்தான். நான் அந்தக் களஞ்சியத்தில், லொறிச் சத்தத்துக்கு நடுவே, மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன். தூசி அதிகம் அங்கே.

தனஞ்சயன் நேற்றுப் போனில் ஏசினார், நீளமாக. கேட்டுக்கொண்டிருந்தேன். வழக்குப் போடுவேன் என்றார். தாராளமாகப் போடும் தம்பி, எண்பத்து மூன்றில் கடை திறந்தது யார் என்று நீதிமன்றத்தில் உம்முடைய அப்பாவையே சாட்சிக்குக் கூப்பிடுவோம் என்றேன். பிறகு வேறு குரலில், "சாப்பாட்டுக்காரனுக்குச் சொல்லவேணும். மாமி மரக்கறியோ, மச்சமாமிசமோ?" என்று கேட்டார்.

மாமி என்றார், சரோ. அவர் வாயில் அந்தச் சொல்லை நான் முதல் தரம் கேட்கிறேன். இரண்டும் சாப்பிடுவா, புவாத் மாமாவும் வருவார், அவருக்கு ஹலால் வேண்டும், முன்வரிசையில் இரண்டு கதிரை போடும் என்றேன். போடமாட்டேன் என்று சொல்லவில்லை.

இனி உமக்கு. அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று நீர் சொல்லியிருக்கிறீர். மிதிக்க வேண்டாம். இது வேறு வாசல், புதுக் கட்டடம், தவிர உம்முடைய படம் உள்ளே தொங்குகிறது. சொந்தப் படம் தொங்கும் இடத்துக்கு வெளியே நிற்பது முறையல்ல. அழைப்புக் கேட்டு வர வேண்டாம், அழுதுகொண்டும் வர வேண்டாம். நல்ல சேலை கட்டிக்கொண்டு வாரும். விமான நிலையத்துக்கு நான் வருகிறேன்.

உறைக்குள் இருப்பது உம்முடைய அண்ணனின் மீசை. நிருஷா ஒரு நூலும் தவறாமல் எடுத்துத் தந்தாள். அதைக் கவனமாகக் கொண்டுவாரும். பிறந்தநாள் மேடையில் அவர் எல்லோருக்கும் முன்னால் உம்மிடம் கையை நீட்டுவார். நீட்டாமல் இருக்கமாட்டார், எனக்குத் தெரியும். அப்போது மீசையை அவரிடமே திருப்பிக் கொடும்.

இடது கையால் கொடும்.

உமக்கும் புவாத்துக்கும் மாதா துணையிருப்பாராக.

என்றும் உம்முடைய,
புளோறன்ஸ்